மூன்றாம் தரம் சொல்வதற்கு முன்

 

'ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!' இம்மூன்று அழைப்புகளுக்கும் இடைப்பட்ட நேரம் அரை நிமிடம்கூட இராது. ஆயினும் அந்த அரை நிமிடத்தில் பத்தாண்டுச் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. காய்கறிக் கடையில் ஐந்து ரூபாயைக் குறைப்பதற்காகக் கால்மணி நேரம் பேரம் பேசும் குடும்பத் தலைவர், ஏலம் விடும் இடத்தில் ஐயாயிரம் ரூபாயை ஒரே மூச்சில் கூட்டிக் கேட்கிறார். வீடு திரும்பும் வழியில்தான், 'ஏன் கேட்டோம்?' என்று தம்மைத் தாமே வினவிக் கொள்கிறார்.

காவல் துறை ஏலம் விடும் இருசக்கர வாகனம், வங்கி ஏலம் விடும் வீடு, மாநகராட்சி ஏலம் விடும் கடை, ஜமாஅத் ஏலம் விடும் தென்னந்தோப்பு என ஏதேனும் ஓர் ஏலத்தைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் என்றேனும் எழத்தான் செய்கிறது. அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது, எவ்வாறு கேட்பது, எங்கே நிறுத்துவது, மார்க்கம் அதற்கு இட்டுள்ள வரம்பு யாது என்பனவற்றை இத்திங்கள் காண்போம்.

அறிவித்து விற்பதே ஏலம்

'ஏலம்' என்னும் சொல் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லின் வழியே தமிழுக்கு வந்தது. அச்சொல்லோ, அறிவித்தல் என்று பொருள்படும் 'இஃலாம்' என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். கடல்களைச் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்த அந்தச் சொல்லுக்குள்ளேயே ஏலத்தின் இலக்கணம் அடங்கியிருக்கிறது. மறைவின்றி, பலர் அறிய, அறிவித்து விற்பதே ஏலம். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் உண்டு. அங்கே விலை இருவருக்கு மட்டுமே தெரியும். ஏலம் அதற்கு நேர்மாறானது. அங்கே ஒளிக்கப்படும் எதுவும் ஏலத்திற்குப் பகையே.

பெருமானார் (ஸல்) அவர்களே ஏலம் விட்டிருக்கிறார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த வரலாறு அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் காணப்படுகிறது. அன்சாரி ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் வினவ, விரிக்கவும் போர்த்தவும் பயன்படும் முரட்டுத் துணி ஒன்றும், நீர் அருந்தும் பாத்திரம் ஒன்றும் உள்ளன என்றார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, இவற்றை வாங்குபவர் யார் என்று அவையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருபவர் யார் என்று இரண்டு, மூன்று முறை கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தர முன்வந்தார், அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அத்தொகையில் ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கும், மற்றொன்று கோடரி வாங்குவதற்கும் ஆயிற்று. அக்கோடரிக்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாள்களில் அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. பொருள் எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. விலை கேட்டவர்கள் மெய்யாகவே வாங்க விரும்பியவர்கள். உரிய விலை வந்ததும் ஏலம் நின்றது. இந்த மூன்றும் அமைந்த ஏலம் தூயது; இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அங்கே ஏதோ பழுது உண்டென்று கொள்க.

ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்ற தடையும் ஹதீஸில் உள்ளதே, அவ்வாறாயின் ஏலம் எப்படி ஆகும் என்று சிலர் ஐயுறலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒத்துப்போன பின்னர் நடுவில் புகுவதையே அத்தடை குறிக்கிறது என்பது இமாம்களுள் பெரும்பாலோரின் விளக்கம். ஏலத்தில் மூன்றாம் தரம் சொல்லும்வரை எவருடனும் உடன்பாடு ஏற்படுவதில்லை. ஆகவே அதுவரை கூட்டிக் கேட்பதில் குற்றமில்லை.

நம் ஊரிலேயே பாடசாலை

ஏலம் கேட்க விரும்புபவர் முதலில் ஓர் ஏலத்தையேனும் வெறுங்கையுடன் நின்று பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளி மக்களுக்கு அதற்காகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கம் தீவில், சாத்தார வீதியில் பூச்சந்தை இருக்கிறது. எட்டரை, கோப்பு முதலிய சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உழவர்கள் கொண்டுவரும் மல்லிகையும் பிற மலர்களும் அங்கே விலைபோகின்றன. கோயில் திருவிழா நாளிலும், முகூர்த்த நாளிலும் விலை ஏறும். நம் வீட்டு நிக்காஹ் மாலைக்குரிய பூவும் அந்த விலையில்தான் வருகிறது.

அங்கே பூ வாங்க வரும் சிறு வியாபாரிகளைக் கூர்ந்து கவனியுங்கள். மாலைக்குள் விற்காவிட்டால் வாடிப்போகும் பொருள் அது. எனவே, இன்று ஒரு முழம் என்ன விலைக்குப் போகும், ஒரு கிலோ பூவில் எத்தனை முழம் கட்டலாம், நாருக்கும் பேருந்துக்கும் என்ன செலவு என்பதெல்லாம் பூவைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர்கள் மனத்தில் கணக்காகி நிற்கும். அந்தக் கணக்கைத் தாண்டிய விலை கேட்கப்பட்டதும் அவர்கள் விலகி அடுத்த குவியலுக்குச் சென்று விடுவார்கள். முகத்தில் வருத்தமோ, கோபமோ இராது. பள்ளிக்கூடம் செல்லாத பெண்மணியும் அறிந்த அந்தக் கணக்கு, படித்த நமக்கு ஏலக் கூடத்தில் மறந்துபோகிறது.

காந்தி மார்க்கெட் பகுதியின் வாழைக்காய் மண்டியும் மற்றொரு பாடசாலை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி என்று காவிரிக் கரைத் தோட்டங்களின் தார்கள் அங்கே வந்து சேர்கின்றன. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 1993 இல் திருச்சியில் நிறுவப்பட்டது என்றால், இப்பகுதியில் வாழை பெறும் இடத்தை அறிந்து கொள்ளலாம். பழகிய வியாபாரி தாரின் உயரத்தைக் கண்டு மயங்குவதில்லை; சீப்பை எண்ணுகிறார், காயின் திரட்சியைப் பார்க்கிறார், அடிபட்ட இடத்தைத் திருப்பிப் பார்க்கிறார். வாயைத் திறப்பதற்கு முன் கண்ணால் வாங்கிவிடுகிறார்.

இவ்விரு சந்தைகளும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. ஏலத்தில் கேட்கும் விலை ஏலத்திற்கு வெளியே முடிவாக வேண்டும்.

அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஆயத்தத்தின் முதற்படி ஏல அறிவிப்பைப் படிப்பது. பொருள் என்ன, எங்கே எப்போது பார்வையிடலாம், குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, முன்வைப்புத் தொகை எவ்வளவு, அதைப் பணமாகக் கட்டுவதா வரைவோலையாகக் கட்டுவதா, அடையாளச் சான்று எது, வரி தனியா, மீதித் தொகையை எத்தனை நாளில் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் என்ன ஆகும் என்ற வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். உள்ளாட்சி மன்ற அறிவிப்புகளில் முன்வைப்புத் தொகையை 'டேவணித் தொகை' என்றும் எழுதுவர். விடை கிடைக்காத வினா இருப்பின், நேரில் சென்று கேட்ட பின்னரே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

'உள்ளது உள்ளபடியே' என்ற சொற்றொடர் அநேகமாக எல்லா அறிவிப்பிலும் இருக்கும். அதன் பொருள், குறை எதுவாயினும் அது வாங்குபவரைச் சேர்ந்தது என்பதே. எனவே நேரில் பார்க்காத பொருளை ஒருபோதும் கேளாதீர்.

மதுவிலக்கு முதலிய வழக்குகளில் பறிமுதலான வாகனங்களைக் காவல் துறையினர் பொது ஏலத்தில் விடுகின்றனர். இன்றும் மக்கள் நேரில் கூடி நின்று கேட்கும் ஏலங்களுள் இது ஒன்று. பல மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி அது. ஆகவே நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துள்ளனவா, வண்டி சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா அல்லது உடைப்பதற்காக மட்டுமா, உரிமத்தைப் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்பவற்றை முன்னதாகவே விசாரியுங்கள்.

வீடு அல்லது மனையாயின் விசாரணை இன்னும் ஆழமாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சொத்துவரி, மின்கட்டணப் பாக்கி உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதை நேரில் சென்று அறியுங்கள். காகிதத்தில் வங்கியின் வசம் இருக்கும் வீட்டில், ஒரு குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு வசித்துக் கொண்டிருக்கலாம். அவர்களை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது, அதற்கு எத்தனை ஆண்டு ஆகும், அந்தக் கண்ணீரின் நடுவே குடிபுக நம் மனம் ஒப்புமா என்பவையும் கணக்கில் சேர வேண்டியவையே.

தென்னை, புளி போன்ற மரங்களின் பலனை ஏலம் எடுப்பவர், மரங்களை எண்ணுவதோடு நில்லாமல் காய்க்கும் மரம் எத்தனை என்று பார்க்க வேண்டும். இங்கே மார்க்க நெறி ஒன்றும் உண்டு. பலன் கண்ணுக்குப் புலப்பட்டு, நோய்க்குத் தப்பிப் பக்குவம் தோன்றுவதற்கு முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மூன்றாண்டுப் பலனை மொத்தமாக விற்கும் ஏலங்களில் கலந்துகொள்ள நினைப்பவர்கள், ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே செல்வது நலம்.

எல்லையை வீட்டில் எழுதுங்கள்

இனிக் கணக்கு. ஒரு வாகனத்தை எடுத்துக் கொள்வோம். அதே நிலையில் உள்ள, பழுது நீக்கிய வண்டி வெளிச் சந்தையில் 40,000 ரூபாய் பெறும் என வைத்துக் கொள்ளுங்கள். பழுது நீக்க 7,000. வரிக்கும் பெயர் மாற்றத்திற்கும் 5,000. எதிர்பாராத செலவுக்கு 3,000. ஆக 15,000 ரூபாயைக் கழித்தால் 25,000 நிற்கும். ஆனால் 25,000 கொடுத்து ஏலம் எடுத்தால் உங்களுக்கு மிச்சம் யாதும் இல்லை. அலைச்சல் மட்டுமே மிச்சம். கடையில் வாங்கும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கேள்வி கேட்கலாம், ஏல வண்டிக்கு அந்த வழியும் இல்லை. எனவே உங்கள் எல்லை 21,000 அல்லது 22,000 ஆக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதி, இல்லத்தரசியிடமோ மூத்த மகனிடமோ காட்டி, அவர்களுடைய இசைவைப் பெற்ற பின் சட்டைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். இருவர் அறிந்த எல்லையை ஒருவர் மீறுவது எளிதன்று.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். பலர் கூடி விலை கேட்கும்போது, பொருளின் மதிப்பை எவர் எல்லாரினும் மிகையாகக் கணித்தாரோ, அவரே வெல்லுகிறார். அதாவது, வெற்றியே அவர் கணக்குத் தவறியதற்கு அடையாளமாக அமைந்து விடலாம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆதாயம் காணாததை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் மூவர், 1971 இல் இதனை எடுத்துக் காட்டினர். பொருளாதார அறிஞர்கள் இதை 'வென்றவர் சாபம்' என்கின்றனர். ஏலங்களைப் பற்றிய ஆய்வுக்காகவே பால் மில்கிராம், ராபர்ட் வில்சன் என்னும் இருவருக்கு 2020 ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரலாற்றில் இச்சாபத்திற்கு ஆளானவர்களுள் தலையாயவர் ஒரு ரோமானியச் செல்வர். கி.பி. 193 இல், பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படையினர் அரியணையையே ஏலம் விட்டனர். பாசறைக்கு உள்ளே ஒருவரும், மதிலுக்கு வெளியே டிடியஸ் ஜூலியானஸ் என்பவரும் மாறிமாறிக் கேட்டனர். உள்ளே இருந்தவர் வீரன் ஒருவனுக்கு 20,000 செஸ்டர்ஸ் காசு வரை ஏறினார். ஜூலியானஸ் ஒரே தாவலில் 25,000 என்றார். பேரரசு அவருக்கு ஆயிற்று. அறுபத்தாறு நாள்களில் அவர் கொல்லப்பட்டார். தாம் வாங்கியது எதுவென்று அவர் பார்க்கவில்லை. எதிரில் நின்றவரின் குரலை மட்டுமே கேட்டார்.

அரை நிமிடமும் பதினைந்து நாளும்

வங்கிகள் 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் விடும் சொத்து ஏலங்களின் விதியை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஏலம் கிடைத்த அன்றோ, மறு வேலை நாளுக்குள்ளோ விலையில் கால்பங்கைக் கட்டிவிட வேண்டும். விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள் மீதி முக்கால்பங்கையும் கட்ட வேண்டும். எழுத்து மூலம் இசைந்தால் மட்டுமே மூன்று மாதத்திற்கு மேற்படாமல் தவணை நீளலாம். தவறினால் கட்டிய தொகை பறிபோகும்.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், வங்கி ஏலம் விட்ட சொத்தை ஒருவர் 12 கோடியே 27 இலட்சம் ரூபாய்க்குக் கேட்டு வென்றார். கால்பங்காக 3 கோடியே 6 இலட்சத்துக்கு மேல் கட்டினார். மீதியை உரிய காலத்தில் கட்ட இயலவில்லை. வங்கி அத்தொகை முழுவதையும் பறிமுதல் செய்தது. அதே சொத்து பின்னர் மறு ஏலத்தில் 14 கோடியே 76 இலட்சத்திற்கு விலைபோயிற்று. வங்கிக்கு நட்டம் இல்லையே, என் பணத்தைத் திருப்பித் தரலாகாதா என்று அவர் வழக்காடினார். வழக்கு மன்றம் மன்றமாக ஏறி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. பறிமுதல் செல்லும் என்பதே தீர்ப்பு.

கோடிகளின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். பத்து இலட்ச ரூபாய் மனைக்கும் விதி அதுவே. ஏலம் கிடைத்துவிட்டது, இனி எப்படியாவது பணத்தைப் புரட்டிவிடலாம் என்று எண்ணிக் கை உயர்த்துபவர், அந்தப் பதினைந்து நாளில் எங்கே ஓடுவார்? கால்பங்கைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பதற்றத்தில், எந்த வட்டிக்கும் கையெழுத்திடுவார். ஹலாலான வீட்டை விரும்பிப் புறப்பட்டவர், ஹராமான வட்டியின் வாசலில் போய் நிற்பார். ஆதலால் முழுத் தொகையும் கைவசம் இருந்தாலன்றி, அல்லது வட்டியில்லாமல் தருவதாக உற்றார் உறுதியாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்வைப்புத் தொகையைக் கட்டவே வேண்டாம்.

கூடத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

நேரத்திற்கு முன்பே செல்லுங்கள். விதிகளை வாசிக்கும்போது பேச்சைத் தவிர்த்துக் கேளுங்கள். முதல்நாள் அறிவிப்பில் இல்லாத நிபந்தனை அப்போது சொல்லப்படலாம். கேட்பவர்கள் எல்லாரையும் காணத்தக்க ஓரத்தில் நில்லுங்கள். தொழிலாக வாங்குபவர் யார், உங்களைப்போல் வீட்டுக்காக வந்தவர் யார் என்பது சிறிது நேரத்தில் விளங்கும். தொழில் வியாபாரி ஒரு விலையில் நின்றுவிட்டால், அதற்கு மேல் இலாபமில்லை என்று அவர் கருதுவதாகப் பொருள்; அங்கே நீங்களும் ஒரு கணம் நின்று சிந்தியுங்கள்.

முதல் விலையை உரக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள். கூட்டும்போது அனுமதிக்கப்பட்ட சிறிய தொகையாகவே கூட்டுங்கள். தெளிவாக, ஒருமுறை மட்டும், முழு எண்ணையும் சொல்லுங்கள். எதிரில் கேட்பவரின் முகத்தைப் பார்க்காமல் உங்கள் தாளைப் பாருங்கள். 'பாய் விட்டுவிடுவாரா?' என்று பின்னால் ஒருவர் தூண்டுவார். அந்தக் குரலுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பொருளுக்கன்று, நம் மானத்திற்கென்று நாம் நினைத்துக்கொள்ளும் ஒன்றுக்காக. எல்லை வந்ததும் நிறுத்துங்கள். 'இன்னும் ஐந்நூறுதானே' என்பது ஷைத்தானின் கணக்கு. அந்த ஐந்நூறுக்குப் பின் மற்றோர் ஐந்நூறு காத்து நிற்கும்.

கணினி வழி ஏலத்திற்கும் இது பொருந்தும். ரயில்வேயின் கழிவு இரும்பு முதல் வங்கிச் சொத்து வரை இன்று பெரும்பாலும் அவ்வழியே விற்கப்படுகின்றன. அங்கே கூட்டமில்லை, ஆயினும் திரையில் மாறும் எண்ணே கூட்டத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. தனியறையில் அமர்ந்து இரவு வேளையில் எண்ணை அழுத்தாதீர்கள். எல்லை எழுதிய தாளும், அதை அறிந்த மற்றொருவரும் அருகில் இருக்கட்டும்.

ஏலம் கிடைத்தபின் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கிளம்பிவிட வேண்டாம். கட்டிய தொகைக்கு ரசீது, விற்பனைச் சான்று, பொருளை எடுத்துச் செல்ல வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றைக் கையோடு பெற்றுக் கொள்ளுங்கள்.

பொய்க் குரலும் ஊமைக் குரலும்

வாங்கும் எண்ணம் இல்லாமலே விலையை ஏற்றுவதற்காகக் கேட்பதை 'நஜ்ஷ்' என்பர். இதனை நபி (ஸல்) அவர்கள் தடை செய்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. விற்பவரின் உறவினரோ, நண்பரோ கூட்டத்தில் நின்று இத்தகைய பொய்க் குரல் எழுப்புவதுண்டு. நண்பருக்கு உதவிதானே என்று நாமும் அதற்கு உடன்படலாகாது. நம் ஒரு சொல்லால் முன்பின் அறியாத ஒருவர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அந்த ஆயிரத்திற்கு மறுமையில் கணக்குண்டு.

பொய்க் குரலைப் போலவே ஊமைக் குரலும் கேடுடையது. கேட்க வந்தவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒருவர் மட்டும் கேட்க, மற்றவர்கள் வாய்மூடி நின்று, பின்னர் ஆதாயத்தைப் பங்கிட்டுக் கொள்வது அது. பொய்க் குரல் வாங்குபவரை ஏமாற்றுகிறது. ஊமைக் குரல் விற்பவரை ஏமாற்றுகிறது. இருவர் கூட்டாக வாங்க எண்ணினால், கூட்டாளிகள் என்று வெளிப்படையாகவே சொல்லிக் கேட்கட்டும்; அதில் மறைவில்லை.

இந்த ஊமைக் குரல் மிகுதியாகத் தீங்கு செய்யும் இடம் எதுவெனில், சொல்லவே நாணுகிறேன், நம் பள்ளிவாசல் முற்றம். வக்ஃபுத் தோப்பு ஏலத்திற்கு வருகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பல்லாண்டாக அதை எடுத்து வருகிறார். அவர் கேட்டபின் எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எல்லாரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். மூன்று தரம் சொல்லி முடிந்துவிடுகிறது. குறைந்த அந்தத் தொகை எவருடைய பங்கிலிருந்து குறைந்தது? இமாமின் சம்பளத்திலிருந்து, மக்தபில் ஓதும் சிறார்களின் பாயிலிருந்து, விதவைக்குத் தர வேண்டிய உதவியிலிருந்து குறைந்தது. பெரியவருக்குச் செய்யும் மரியாதை ஸலாமிலும் இருக்கையிலும் இருக்கட்டும். அநாதையின் பங்கை எடுத்து அவருக்கு மரியாதை செய்ய நமக்கு அதிகாரமில்லை.

ஜமாஅத் நிர்வாகிகள் செய்ய வேண்டியது அரிதன்று. இரண்டு ஜும்ஆக்களுக்கு முன்பே அறிவியுங்கள். கடந்த ஆண்டுத் தொகையையும், குறைந்தபட்சத் தொகையையும் பலகையில் எழுதுங்கள். வெளியூரார் கேட்பதற்கும் இடம் கொடுங்கள். கேட்ட ஒவ்வொரு விலையையும் பெயருடன் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நிர்வாகத்தில் இருப்பவரும் அவர் வீட்டாரும் அந்த ஏலத்தில் கேளாதிருப்பது பேணுதலுக்கு உகந்தது.

பெயரளவில் ஏலம்

'ஏலச்சீட்டு' என்பதையும் ஏலம் என்று எண்ணி நம் சகோதரிகள் பலர் சேர்ந்துள்ளனர். இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் திரள்வது ஓர் இலட்சம். அவசரத்தில் உள்ள ஒருவர் எனக்கு 75,000 போதும் என்று தள்ளிக் கேட்கிறார். எஞ்சிய 25,000 நடத்துபவரின் கழிவு போக மற்றவர்களுக்குப் பங்காகிறது. இங்கே விற்கப்படும் பொருள் எது? பணம் பணத்திற்கே விற்கப்படுகிறது. இதில் வட்டியின் தன்மை உண்டென்று உலமாக்கள் பலர் விலக்கியுள்ளனர். தள்ளுபடி இன்றிக் குலுக்கி எடுத்து, அனைவரும் முழுத் தொகையும் பெறும் சீட்டு வேறு. ஒருவருக்கொருவர் உதவும் கடன் அது.

தங்கள் நகையே ஏலத்திற்கு வரும் நிலையில் உள்ள சகோதரிகளுக்கும் ஒரு சொல். அறிவிப்புக் கடிதத்தை அஞ்சி ஒளித்து வைக்காதீர்கள். ஏலத் தேதிக்கு முன் மீட்க இயலுமா என்று குடும்பத்தாரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். இயலாமல் ஏலம் போய்விட்டால், கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை நகைக்கு உரியவரையே சேர வேண்டும். கணக்கைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

வாசகப் பெருமக்களே! அடுத்தமுறை ஏலத்திற்குப் புறப்படும்போது இரண்டை மறவாதீர்கள்: கையில் முழுத் தொகை, பையில் எல்லை எழுதிய தாள். பொருள் கிடைக்காமல் திரும்பினால், 'தோற்றுவிட்டேன்' என்று வீட்டில் சொல்லாதீர்கள். போன பணத்தோடு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நமக்கென்று எழுதப்பட்ட ரிஸ்கை எவரும் நம்மைவிடக் கூடுதலாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. தேவைக்கு வாங்கவும், வரம்பில் நிற்கவும், பிறர் பொருளில் கை படாமல் காக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.